கரடி நுழைந்த மத்தியானம்

கிரேவன்ஸ் வேலி என்ற மலைப் பள்ளத்தாக்குக்குக் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் புஷ்பவல்லி, காரில் ஏறுவதற்கு முன்னால் தன் சமையலறையை ஒருமுறை நின்று பார்ப்பாள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவள் பார்த்தது அடுப்பை அல்ல. இந்த இடத்துக்கு உயிரோடு திரும்பி வருவோமா என்று தனக்குள் கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

கலிபோர்னியாவின் பிளசன்டனில் அவர்கள் இருந்தது டவுன்ஹோம். ஒரு சுவருக்கு அப்பால் ரிட்டயரான அனந்தராமன் தம்பதி, இன்னொரு சுவருக்கு அப்பால் ஒரு சீனக் குடும்பம். மிக்ஸி ஓடினால் இரண்டு பக்கமும் கேட்கும். ஆகவே பிளசன்டனில் அவள் கணவன் சேனாபதி நல்லவன். தமிழ்ப் பள்ளி விழா என்றால் முதல் ஆளாகப் போய் நாற்காலி விரிப்பான். அனந்தராமன் அங்கிள் வீட்டுக் குப்பைத் தொட்டியையும் சேர்த்துத் தெருவுக்கு இழுத்து வைப்பான். வீட்டில் கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல், "மலைக்குப் போவோமில்ல, அங்க பேசிக்கலாம்" என்பான். மார்ச்சில் பட்ட கோபம் ஜூலை வரைக்கும் ஆறாமல் அவனுக்குள் உட்கார்ந்திருக்கும். செப்டம்பர்க் கோபம் கிறிஸ்துமஸ் லீவுக்குக் காத்திருக்கும்.

வருஷத்துக்கு இரண்டு தடவை, கோடையில் ஒன்று, பனியில் ஒன்று. சாக்ரமெண்டோவைத் தாண்டி மலை ஏறி, ஃப்ரீவேயை விட்டுப் பிரிந்தால் அந்தப் பள்ளத்தாக்கு. அதில் மூன்று சிறு ஊர்கள். லோயர் வில்லேஜில் ஒரு கேஸ் ஸ்டேஷனும் கிளினிக்கும். மில் வில்லேஜில் ஒரு கடையும் தீயணைப்பு நிலையமும். அப்பர் வில்லேஜில் ஸ்கீ லிஃப்டும், பைன் மரங்களுக்குள் சிதறிக் கிடக்கும் வாடகைக் கேபின்களும். கோடையில் ஆறு, உருகிய பனியைக் குடித்த வெறியில் பாறைகளை உருட்டிக்கொண்டு போகும். பனிக்காலத்தில் விடியும்போதே மலை மேல் வெடிச் சத்தம் கேட்கும். பனி தானாகச் சரிந்து ஆட்களைக் கொல்வதற்கு முன்னால், வெடி வைத்து அதைச் சரிய விடுகிற வேலை அது. முதல் தடவை கேட்டபோது எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். புஷ்பவல்லி மட்டும் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

போகிறவர்கள் நாலைந்து குடும்பங்கள். கேபின் பிடிப்பது, மெனு போடுவது, யார் அரிசி குக்கர் கொண்டுவருவது என்று பங்கு பிரிப்பது எல்லாம் சேனாபதிதான். கூட்டத்தில் மூத்தவள் ஜலஜா, சென்னைக்காரி, எல்லோருக்கும் அக்கா. இளையவன் ரஞ்சித்குமார், கரூர்ப் பையன், சேனாபதியின் டீமிலேயே வேலை பார்ப்பவன். அவன் மனைவி பிரீத்தி அதிகம் பேச மாட்டாள். சாப்பாடு பெரிய கேபினில் சேர்ந்து. தூங்குவதற்கு ஆளுக்கொரு கேபின். எல்லாவற்றுக்கும் கடைசியில், ஓடையைத் தாண்டி மரங்களுக்குள் மறைந்திருக்கும் கேபினைத்தான் சேனாபதி எப்போதும் தனக்கு எடுத்துக்கொள்வான்.

"அண்ணனுக்கு எப்பவும் ஹனிமூன் கேபின்தான்" என்று ரஞ்சித்குமார் கண்ணடிப்பான். கூட்டம் சிரிக்கும். மற்ற எல்லோருக்கும் அது லீவு. சேனாபதியின் கைக்கு மட்டும் அது வேலை நாள்.

முதல் அடி ஒரு பனிக்காலத்தில்தான் விழுந்தது. அதுவரைக்கும் தள்ளுவான், முடியைப் பிடிப்பான், அவ்வளவுதான். அன்றைக்கு மலைப்பாதையில் டயருக்குச் சங்கிலி மாட்டாமல் மேலே போகக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். மஞ்சள் கோட்டுப் போட்ட ஆட்கள் சாலையோரம் நின்று, கேட்பவர்களுக்கு மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சேனாபதிக்கு அது மானப் பிரச்சினை. தானே சேற்றுப் பனியில் படுத்துக்கொண்டு, கொக்கியைப் பிடி என்று அவளிடம் கொடுத்தான். கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்த விரல்கள். குளிரில் அவை அவளுடையவையாகவே இல்லை. கொக்கி நழுவியது. சங்கிலி சுருண்டு அவன் மணிக்கட்டில் அடித்தது. அவன் எழுந்தான், இரண்டு பக்கமும் பார்த்தான், காருக்கும் பாறைக்கும் நடுவில் யாருக்கும் தெரியாது என்று தெரிந்துகொண்டான். பிறகு சங்கிலியின் வால் பக்கத்தைக் கையில் சுற்றி அவள் கை மேல் ஓங்கி இறக்கினான். மகள் குட்டி வெண்பா பின் சீட்டில் ஐபேடில் பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுண்டுவிரல் உடைந்தது. கார்க் கதவில் மாட்டிக்கொண்டது என்று புஷ்பவல்லி எல்லோரிடமும் சொன்னாள். ஐஸ்கிரீம் குச்சியை வைத்துக் கட்டுப் போட்டுவிட்ட ஜலஜா, தோலில் பதிந்திருந்த சங்கிலிக் கண்ணிகளை வெகுநேரம் பார்த்தாள். டேப்பை மட்டும் மெதுவாகச் சுற்றினாள்.

அன்று சாயங்காலம் சேனாபதி ஹாட் சாக்லேட் வாங்கி வந்தான். "குடி அம்மிணி" என்றான். அவர்கள் ஊரில் அது செல்லமாகக் கூப்பிடுகிற சொல். அடித்த பிறகு மட்டும் அவனுக்கு அது ஞாபகம் வரும்.

ஏன் அவனை விட்டுவிட்டு வரவில்லை என்று யாராவது கேட்டிருந்தால் சொல்ல அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. அவளும் வெண்பாவும் அவனுடைய கிரீன் கார்டு வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அது முடிகிற வரிசையாக இல்லை. "என்னை ஒருநாள் போலீஸ் புடிச்சா மூணு பேருக்கும் பிளைட்டுதான். வெண்பா கோபில போய்ப் படிக்கட்டும்" என்று அவன் வெகு சாதாரணமாகச் சொல்வான், நாளைக்கு மழை வரும் என்பது போல. வெண்பாவுக்குத் தமிழ் புரியும், பேச வராது. கோபியில் அவள் எப்படிப் படிப்பாள்? புஷ்பவல்லி அதற்கு மேல் யோசிப்பதில்லை.

போன டிசம்பரில் அவள் பெண்களோடு சேர்ந்து பனிச்சரிவில் ரப்பர் டியூபில் உட்கார்ந்து சறுக்கினாள். கீழே வந்து உருண்டபோது வாய்விட்டுச் சிரித்தாள். கை கொடுத்துத் தூக்கிவிட்டவன் ரஞ்சித்குமார். அவ்வளவுதான் நடந்தது. இருட்டத் தொடங்கும் நேரம் கேபினுக்குத் திரும்பியதும் சேனாபதி அவள் வாயைப் பொத்திச் சுவரில் மோதினான். அப்புறம் பின்வாசலைத் திறந்து, வெறும் சாக்ஸ் காலோடு பனிக்குள் தள்ளிக் கதவைத் தாழிட்டான். முழங்கால் வரை பனி. பக்கத்தில் ஒரு விளக்கு கிடையாது. கத்தினால் ஓடை மட்டும் கேட்கும்.

அவள் சுவரைத் தடவிக்கொண்டு கேபினைச் சுற்றினாள். ஓரிடத்தில் சுவரிலிருந்து சூடான காற்று வந்தது. துணி காயவைக்கும் டிரையரின் புகைக்குழாய். அதற்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள். காற்று நின்றது. செத்தோம் என்று நினைத்தாள். மறுபடியும் வந்தது. நின்றது. வந்தது. மேலே சின்ன ஜன்னலில் வெண்பாவின் முகம் தெரிந்தது. துணி எதுவும் இல்லாத டிரையரை அந்தப் பிள்ளை திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள், அப்பா டிவி பார்த்து முடிக்கும் வரைக்கும்.

அன்றைக்குப் புஷ்பவல்லிக்கு ஒன்று உறுதியாயிற்று. இந்தப் பள்ளத்தாக்கில் ஒருநாள் இவன் தன்னைக் கொன்றுவிடுவான். கொல்ல வேண்டும் என்று நினைக்காமலேயே கொன்றுவிடுவான்.

ஜூலை வந்தது. சேனாபதி புதிய எஸ்யூவி வாங்கியிருந்தான். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட முழுதாகக் கழற்றவில்லை. வழக்கம்போல ஊருக்குத் திரும்பும் காலையில் எல்லோருக்கும் இட்லி. அது புஷ்பவல்லியின் பங்கு, யாரும் கேட்பதே இல்லை. வீட்டில் அரைத்து ஐஸ் பெட்டியில் கொண்டுவந்த மாவு மலைக் குளிரில் புளிக்காது. பிளசன்டனில் என்றால் ஓவனுக்குள் விளக்கைப் போட்டு உள்ளே வைத்துவிடலாம். இந்தக் கேபின் ஓவனில் விளக்கு எரியவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, பெரிய கேபின் வராந்தாவில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் இதைச் சொன்னாள்.

"காருக்குள்ள வை புள்ள. வெயில்ல நின்னா உள்ள கொதிக்குது. ரெண்டு மணி நேரத்துல பொங்கிரும்" என்றான் சேனாபதி.

காரில் சாப்பாட்டுப் பொருள் வைக்காதீர்கள், கரடி வரும் என்று கேபின் கதவிலேயே ஒட்டியிருந்தது. சாலையில் இரண்டு இடத்தில் போர்டு இருந்தது. அவள் அதைச் சொன்னாள்.

"மாவுல என்ன வாசனை? கரடி என்ன சாம்பார் கேக்குமா?" என்றான். வராந்தா முழுக்கச் சிரித்தது. கூட்டத்துக்கு முன்னால் மறுபடியும் மறுப்பது நல்லதல்ல என்று அவளுக்குத் தெரியும். அந்த மறுப்புக்குக் கணக்குக் கேபினில் தீர்க்கப்படும். எவர்சில்வர் தூக்கை எடுத்துப்போய்ப் பின் சீட்டில் வைத்தாள். எல்லோரும் ஆற்றங்கரைக்குக் கிளம்பினார்கள்.

மத்தியானம் திரும்பி வரும்போது தூரத்திலேயே ஹார்ன் சத்தம். விட்டு விட்டு, வெறி பிடித்தது போல. கிட்டே வந்தால் நின்ற இடத்திலேயே கார் குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக மாவு. அந்த வெள்ளைக்கு நடுவே ஒரு பெரிய பழுப்பு உடம்பு புரண்டது. கதவுக் கைப்பிடியை இழுத்துத் திறந்து உள்ளே போயிருக்கிறது. பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டுவிட்டது. வெளியே வரும் வழி தெரியாமல் சீட்டைக் கிழித்து, கூரைத் துணியை உரித்து, ஸ்டியரிங்கின் மேல் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. அது போட்ட சத்தம் அழுகையா உறுமலா என்று சொல்ல முடியவில்லை. பிளாஸ்டிக் உடையும் ஒலி ஒவ்வொன்றுக்கும் சேனாபதியின் கன்னம் துடித்தது.

எல்லோரும் வராந்தாவில் ஏறிக்கொண்டார்கள். வெண்பா போனை எடுத்து நைன் ஒன் ஒன் என்ற அவசர எண்ணை அழைத்தாள். மெல்லிய குரலில், காருக்குள் கரடி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"யாரு வெச்சது அத உள்ள?" என்றான் சேனாபதி.

காலையில் அவன் சொன்னதைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். ஜலஜா தன் செருப்பைப் பார்த்தாள். ரஞ்சித்குமார் மரத்தைப் பார்த்தான்.

"உன்னத்தான் கேக்கறன்" என்று சொல்லிக்கொண்டே புஷ்பவல்லியை அறைந்தான். கேபினுக்கு வெளியே, கூட்டத்துக்கு நடுவில் விழுந்த முதல் அறை. அடித்த பிறகுதான் ஆட்கள் நிற்பது அவனுக்கே தெரிந்தது போலிருந்தது. அது அவனை நிறுத்தவில்லை. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் அவன் முகம் ஒரு மாதிரி லேசாகிவிட்டது.

"யூ டோல்ட் ஹர் டு, அப்பா" என்றாள் வெண்பா.

அவன் திரும்பினான். வெண்பா மேல் அவன் கை ஓங்கியதே இல்லை. இப்போது ஓங்கியது, விரல்கள் மடங்கி முஷ்டியாக. புஷ்பவல்லி நடுவில் போய் விழுந்தாள். போனாள் என்று சொல்ல முடியாது, விழுந்தாள். முஷ்டி அவள் புருவத்தில் இறங்கியது. படியில் பின்னால் சாய்ந்து உருண்டு மண்ணில் கிடந்தாள். ஒரு கண்ணுக்குள் ரத்தம் நிறைந்து உலகம் சிவந்தது. அப்போதுதான் ரஞ்சித்குமாரும் இன்னொருவனும் சேனாபதியைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்கள். கார் ஹார்ன் அலறிக்கொண்டே இருந்தது.

ஜலஜா அவளை உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டில் ஐஸைச் சுற்றி அழுத்தினாள். பிரீத்தி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே ஷெரிஃப் வண்டி வரும் சத்தம் கேட்டதும் ஜலஜா குனிந்து அவள் காதோடு பேசினாள்.

"புஷ்பா, நான் சொல்றத கேளு. கரடி கதவ தள்ளிட்டு வந்துது, நீ கிட்ட இருந்த, விழுந்துட்டன்னு சொல்லிடு. யாருக்கும் பிரச்சன வராது. கிரீன் கார்டு, வெண்பா, எல்லாத்தயும் நெனச்சு பாரு."

"அது காருக்குள்ள தானக்கா இருக்குது."

"அதெல்லாம் அவங்க பாத்தாங்களா? கரடி மேல போட்டுடு" என்றாள் ஜலஜா. கெட்டவள் இல்லை. பயந்தவள்.

வந்தது ஒரு பெண் டெபுடி, ஷெரிஃபின் கீழ் வேலை பார்க்கும் போலீஸ்காரி, உயரமானவள், வாயில் சூயிங் கம். இந்த வேலைக்குப் பழகியவள் போல எல்லோரையும் உள்ளே போகச் சொல்லிவிட்டு, கார்க் கைப்பிடியில் நீளக் கயிற்றைக் கட்டி, தன் வண்டிக்குப் பின்னால் நின்று இழுத்தாள். கதவு திறந்தது. கரடி வெளியே விழுந்து எழுந்தது. முகவாயெல்லாம் மாவு. ஒரு கணம் நின்று இந்தப் பக்கம் பார்த்தது. பிறகு நொண்டிக்கொண்டே மரங்களுக்குள் மேலேறிப் போய்விட்டது.

திரும்பி வந்த டெபுடி புஷ்பவல்லியின் முகத்தைப் பார்த்து மெல்லுவதை நிறுத்தினாள். அவள் கேட்பதற்கு முன்னாலேயே சேனாபதி முந்திக்கொண்டான். நல்ல ஆங்கிலம், மீட்டிங்கில் பேசுகிற குரல். நாங்கள் வந்தபோது வெளியே இன்னொரு கரடி... இல்லை, இதே கரடிதான், கதவு கொஞ்சம் திறந்திருந்தது, என் மனைவி கிட்டே போனாள், கையை நீட்டி அடித்துவிட்டது என்றான். ஆமாம் என்று ஆண்கள் தலையாட்டினார்கள். ரஞ்சித்குமார் ஆமாம் என்று வாயாலேயே சொன்னான்.

டெபுடி கார்க் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியென்றால் விஷயம் வேறு என்றாள். மனிதரை அடித்த கரடியை விட்டுவைக்க முடியாது. வனவிலங்கு அதிகாரிகளைக் கூப்பிடுவேன், நாய்களோடு வந்து தேடிச் சுட்டுவிடுவார்கள், உங்கள் காயத்திலும் மாதிரி எடுப்பார்கள் என்றாள். பிறகு புஷ்பவல்லிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, கரடியின் எந்தக் கை, எங்கே நின்றீர்கள், நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

புஷ்பவல்லி ஐஸ் துண்டை இறக்கினாள். கூட்டம் முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். எல்லாம் சரியாகிவிடும். எல்லோரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரலாம். அப்புறம் அவளும் வெண்பாவும் ஓடையைத் தாண்டி அவனோடு அந்தக் கேபினுக்கு நடந்து போகலாம்.

சேனாபதியின் இந்தக் கையைக் காப்பாற்ற இத்தனை வருஷம் கார்க் கதவின் மேல், படிக்கட்டின் மேல், ஐஸின் மேல் பழி போட்டாயிற்று. உயிருள்ள ஒன்றின் மேல் போடுவது இதுதான் முதல் தடவை. அவள் வைத்த மாவைத் தின்றதற்கு மேல் அது ஒன்றும் செய்யவில்லை. அதையும் கொன்றுவிட்டால், அடுத்து இந்தக் கைக்குக் கொடுக்க மிச்சம் இருப்பது அவளும் வெண்பாவும்தான்.

"பேர் டிட் நாட் டச் மீ" என்றாள். பிறகு மிச்சத்தையும் சொன்னாள். "மை ஹஸ்பண்ட் ஹிட் மீ. ஹி வாண்டட் டு ஹிட் மை டாட்டர்."

"அண்ணி, யோசிச்சுப் பேசுங்க" என்று ரஞ்சித்குமார் ஒரு அடி முன்னால் வந்தான். டெபுடி திரும்பாமலேயே கையை நீட்டி அவனை நிறுத்தினாள். எழுந்து தோள் மேலிருந்த ரேடியோவில் ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு வண்டி வந்தது. ஒருவர் வெண்பாவைத் தனியாக மரத்தடிக்குக் கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார். வெண்பா அழவில்லை. கைகளை ஆட்டி ஆட்டி விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை விஷயம் அவளிடம் இருந்தது என்று தூரத்தில் உட்கார்ந்திருந்த புஷ்பவல்லிக்கு அப்போதுதான் தெரிந்தது.

கையைப் பின்னால் மடக்கி விலங்கு போட்டபோது சேனாபதி திமிறினான். இரண்டு பேர் சேர்ந்து அவனை வண்டியின் மேல் அழுத்தினார்கள். கன்னம் சூடான பானெட்டில் நசுங்கியபடியே அவன் அவளைப் பார்த்தான்.

"அம்மிணி, சொல்லு. தெரியாம பட்டுருச்சுன்னு சொல்லு. கிரீன் கார்டு போயிரும். எல்லாம் போயிரும்."

"போகட்டுங்க" என்றாள் புஷ்பவல்லி. அந்த மரியாதை விகுதி அவள் வாயிலிருந்து இன்னும் உதிரவில்லை.

வண்டிகள் போன பிறகுதான் கூட்டத்துக்குப் பேச்சு வந்தது. ஒருவன் தள்ளிப் போய் வக்கீலுக்குப் போன் செய்தான். ஒருவன் ட்ரிப் நாசமாயிற்று என்றான். கிளம்ப வேண்டியதுதான் என்று மூட்டை கட்டத் தொடங்கியபோது, புஷ்பவல்லியும் வெண்பாவும் யார் காரில் போவது என்ற கேள்வி வந்தது. அவர்களுடைய கார் ஓடும் நிலையில் இல்லை. எல்லாக் கார்களும் திடீரென்று நிறைந்துவிட்டன. ஸ்ட்ரோலர், கூலர், கார் சீட் என்று ஆளுக்கொரு காரணம். ஜலஜாவின் கணவர் ஜலஜாவைப் பார்த்தார். ஜலஜா உள்ளே போய்விட்டாள்.

"கரடிய வுட்டுட்டு புருஷன புடிச்சுக் குடுத்தாச்சு. இனி போலீஸ் வண்டியே கொண்டுபோய் விடும்" என்றான் ரஞ்சித்குமார், காரில் பெட்டியை அடுக்கிக்கொண்டே. யாருக்கும் சொல்லாத மாதிரி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

பிரீத்தி அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்தாள். அடுக்கிய பெட்டிகளில் இரண்டைத் தூக்கி மண்ணில் வைத்தாள்.

"என்ன பண்ற?"

"நான் டிரைவ் பண்றேன். நீங்க யார் கூடயாச்சும் வாங்க."

"பிரீத்தி, கை வெக்க வெச்சுடாத."

சொல்லி முடித்ததும் அவனுக்கே அது கேட்டது. வராந்தாவிலிருந்த பெண்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பெட்டியைத் தூக்குவது போலக் குனிந்துகொண்டான்.

லோயர் வில்லேஜ் கிளினிக்கில் புருவத்துக்குத் தையல் போட்டார்கள். டெபுடி அங்கேயே வந்து ஒரு அவசர உத்தரவுக்காக நீதிபதியிடம் போனில் பேசினாள். அவன் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்பது அதன் சாரம். சில நாட்களுக்குத்தான் செல்லும், அதற்குள் கோர்ட்டில் போய் நீட்டிக்க வேண்டும், அவன் சீக்கிரமே வெளியே வந்துவிடலாம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள் என்றாள். கிரீன் கார்டைப் பற்றிப் புஷ்பவல்லி கேட்டாள். அது தனக்குத் தெரியாது, இப்படிப்பட்ட பெண்களுக்கு வழி இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், வக்கீலைக் கேளுங்கள் என்றாள். பொய்யாகத் தைரியம் சொல்லாதது புஷ்பவல்லிக்குப் பிடித்திருந்தது.

கார் மலையிறங்கியது. வெண்பா பின் சீட்டில் தூங்கிவிட்டாள். பிரீத்திக்கு மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கமில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ரஞ்சித் என்ற பெயர் ஒளிர்ந்து அணைந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது."

கொஞ்ச தூரம் போன பிறகு பிரீத்தி கேட்டாள். "எங்க போறது? எங்க வீட்டுக்கு வேணாம். அவர் வருவார்."

"பிளசன்டனுக்கே போ. எங்க வீட்டுக்கு." புஷ்பவல்லி வீங்கிய கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "சாக்ரமெண்டோல ஹார்ட்வேர் கடை ஏதாச்சும் தொறந்திருந்தா நிறுத்து. வாசக்கதவுக்குப் பூட்டு மாத்தணும். எனக்கு மாட்டத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"பரவால்ல. பாத்துப் பண்ணிக்கலாம்."